முவாலிமு நியரேரே: சாக்பீஸைக் கீழே வைக்காத தலைவர்

சுவாகிலி மொழியில் 'முவாலிமு' என்றால் வாத்தியார். அரபியிலிருந்து வந்த சொல். நம்மூர் மதரஸாக்களில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவரை முஅல்லிம் என்கிறோமே, அதேதான். தான்சானியாவில் அடைமொழி எதுவும் சேர்க்காமல் வெறுமனே 'முவாலிமு' என்று சொன்னால் அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும்: ஜூலியஸ் கம்பராகே நியரேரே. 1961 முதல் 1985 வரை நாட்டின் தலைமையில் இருந்தவர். பிரதமர், ஜனாதிபதி, கட்சித் தலைவர் எனப் பல பதவிகள் வகித்தும் மக்கள் வாயில் நிலைத்தது பழைய வேலையின் பெயர்தான்.

இத்தனைக்கும் அவர் பள்ளியில் பாடம் நடத்திய காலம் மொத்தமே ஐந்தாறு ஆண்டுகளைத் தாண்டாது. தபோரா ஊரில் கத்தோலிக்க மிஷன் நடத்திய செயின்ட் மேரீஸ் பள்ளியில் 1946 முதல் 1949 வரை. பிறகு டார் எஸ் சலாமுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புகுவில், செயின்ட் பிரான்சிஸ் கல்லூரி என்று பெயர் கொண்ட மிஷன் பள்ளியில் 1953 முதல் 1955 வரை. அவ்வளவுதான். ஆனால் ஆண்ட 24 ஆண்டுகளும் அவர் ஆசிரியராகவே யோசித்தார் என்பது என் கருத்து. ஆட்சியில் எது தேறியது, எது கெட்டது என்று பார்த்தால் இரண்டுக்கும் காரணம் வகுப்பறைப் பழக்கத்தில்தான் கிடைக்கிறது.

1922இல் விக்டோரியா ஏரியின் கிழக்குக் கரைப் பக்கம், புட்டியாமா கிராமத்தில் பிறந்தார். தந்தை சனாக்கி இனக்குழுவின் தலைவர்களில் ஒருவர். பையன் பள்ளிக்கூட வாசலை மிதித்தபோது வயது பன்னிரண்டு ஆகியிருந்தது. முசோமாவில் விடுதிப் பள்ளி, அப்புறம் தபோரா அரசுப் பள்ளி, அதன்பின் உகாண்டாவின் மக்கெரேரே கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி. படித்து முடித்ததும் இரண்டு இடங்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. ஒன்று அரசுப் பள்ளி, மற்றொன்று மிஷன் பள்ளி. அரசுப் பணியில் சம்பளமும் கூடுதல், ஓய்வூதியமும் உண்டு. அவர் மிஷன் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, வரலாறும் உயிரியலும் நடத்தினார். 1949இல் உதவித்தொகையில் எடின்பரோ போய், 1952இல் எம்.ஏ. பட்டத்தோடு திரும்பினார்.

தான்சானியாவின் பெருநிலப் பகுதிக்கு அப்போது டாங்கனிக்கா என்று பெயர். திரும்பிய மறு ஆண்டே டாங்கனிக்கா ஆப்பிரிக்கர் சங்கத்துக்குத் தலைவர் ஆனார். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் கூடிப் பேசிக் கலைகிற சங்கமாக இருந்ததை அரசியல் கட்சியாக மாற்றி எழுதினார்கள். 1954 ஜூலை 7ஆம் தேதி டாங்கனிக்கா ஆப்பிரிக்கத் தேசியச் சங்கம், சுருக்கமாக 'டானு', பிறந்தது. ஏழாம் மாதம் ஏழாம் தேதி என்பதால் 'சபா சபா' என்று இன்றும் அந்த நாளைச் சொல்கிறார்கள். சபா என்றால் ஏழு. வார நாட்களில் புகுவில் பாடம், ஓய்வு கிடைத்தால் நகரத்தில் கட்சிக் கூட்டம் என்று ஓடியது. 1955 மார்ச்சில் நியூயார்க் சென்று ஐ.நா.வின் அறங்காவலர் அவை முன் பேசினார். டாங்கனிக்கா காலனி அல்ல, ஐ.நா. பொறுப்பில் பிரிட்டன் நிர்வகிக்கும் பிரதேசம். அதனால் அங்கே போய் முறையிட வழி இருந்தது. ஊர் திரும்பியதும் பள்ளியா, அரசியலா, ஒன்றைத் தேர்ந்தெடு என்ற நிலை வந்தது. வேலையை விட்டார். அப்போது மாதச் சம்பளம் தர கட்சிக்கு வசதி இல்லை. சொந்த ஊர்ப் பக்கம் போய், மேரிநோல் என்ற அமெரிக்கக் கத்தோலிக்க மிஷன் சபையின் பாதிரியார் ஒருவருக்குச் சனாக்கி மொழி கற்றுக்கொடுத்து அந்தக் காலத்தைக் கடத்தினார். அரசியலுக்காக வாத்தியார் வேலையை விட்டவருக்குச் சோறு போட்டதும் வாத்தியார் வேலைதான்.

அவருக்குள் இருந்த கணக்கு வாத்தியாரைப் பார்க்க வேண்டும் என்றால் 1958ஐப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் நிர்வாகம் ஒரு விசித்திரமான தேர்தல் முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று உறுப்பினர்: ஓர் ஆப்பிரிக்கர், ஓர் ஆசியர், ஓர் ஐரோப்பியர். வாக்காளர் மூவருக்கும் ஒவ்வொரு வாக்குப் போட்டே ஆக வேண்டும். தம் இனத்தவருக்கு மட்டும் போட்டால் சீட்டு செல்லாது. வாக்குரிமைக்கு ஆண்டு வருமானம் 150 பவுண்டு, அல்லது எட்டாம் வகுப்புப் படிப்பு, அல்லது குறிப்பிட்ட பதவி வேண்டும். மக்கள்தொகை சுமார் 90 லட்சம். அதில் ஐரோப்பியரும் ஆசியரும் சேர்ந்து நூற்றுக்கு ஒருவர் சொச்சம். அவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடமா என்று கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். புறக்கணிப்போம் என்பதுதான் பலரின் எண்ணம்.

தபோராவில் ஜனவரியில் நடந்த மாநாட்டில் நியரேரே எதிர்த் திசையில் வாதாடினார். கணக்கு இதுதான். புறக்கணித்தால் அந்த இடங்கள் காலியாகக் கிடக்காது. ஆளுநரின் ஆதரவு பெற்ற போட்டிக் கட்சி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். பட்டியலில் பதிவாகப்போகும் வாக்காளர்களிலோ பெரும்பான்மை ஆப்பிரிக்கர்கள்தான். ஆக, எந்த ஆசியர் ஜெயிக்க வேண்டும், எந்த ஐரோப்பியர் ஜெயிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் ஆப்பிரிக்க வாக்குதான். நம்மைத் தடுக்கப் போட்ட மூன்று வாக்கு விதியே நம் கையில் மூன்று இடங்களைக் கொடுக்கிறது. மாநாடு ஏற்றது; ஏற்காத ஒரு பிரிவினர் வெளியேறித் தனிக்கட்சி கண்டார்கள். 1958 செப்டம்பரிலும் 1959 பிப்ரவரியிலும் இரண்டு கட்டமாகத் தேர்தல் நடந்தது. டானுவும் அது ஆதரித்த ஆசிய, ஐரோப்பிய வேட்பாளர்களும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மாநாட்டு முடிவுக்குச் சுவாகிலியில் 'விவேகமான முடிவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1961 டிசம்பர் 9இல் ரத்தம் சிந்தாமல் சுதந்திரம் வந்ததில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து அவர் செய்ததை உலகத்தில் அதிகம் பேர் செய்ததில்லை. சுதந்திரம் வாங்கி ஆறே வாரத்தில், 1962 ஜனவரியில், பிரதமர் பதவியை ரஷீதி கவாவாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கட்சி வேலைக்கு ஊர் ஊராகப் புறப்பட்டுவிட்டார். அந்த ஆண்டுக் கடைசியில் ஜனாதிபதியாகத்தான் திரும்பி வந்தார். இதே காலத்தில் இரவுகளில் ஷேக்ஸ்பியரைச் சுவாகிலிக்குக் கொண்டுவந்தார். 'ஜூலியஸ் சீஸர்' 1963இல் வெளியானது. 'வெனிஸ் வணிகன்' 1969இல் வந்தபோது 'மபெபாரி வா வெனிசி' என்று தலைப்பு. இந்த 'பெபாரி' நமக்கு அந்நியமான சொல் இல்லை. குஜராத்தி வணிகர்களோடு கடல் தாண்டிப் போன சொல். நம் 'வியாபாரி'யும் அதுவும் ஒரே வேர். அங்கே போய் அது 'முதலாளித்துவவாதி' என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டது. மூலத்தில் ஒரு வணிகன் இருக்கும் இடத்தில் தலைப்பில் பன்மை வைத்தார். சோஷலிசமே நாட்டின் பாதை என்று அறிவித்த 1967 அருஷா பிரகடனத்துக்கு இரண்டு ஆண்டு கழித்து இப்படி ஒரு தலைப்பு வந்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கண்டிப்பான வாத்தியார் வெளிவந்தது 1966 அக்டோபரில். படித்து முடித்தவர்கள் இரண்டு ஆண்டு தேசியப் பணி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. சில மாதம் முகாம், மீதிக் காலம் வேலை. ஆனால் கையில் கிடைப்பது சம்பளத்தில் 40 சதவீதம். பல்கலைக்கழக மாணவர்கள் ஜனாதிபதி மாளிகைக்கு ஊர்வலம் போனார்கள். நியரேரே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சுமார் 400 பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார். அதோடு நிறுத்தாமல் தம் சம்பளத்தில் 20 சதவீதத்தை வெட்டினார், அமைச்சர்களுடையதும் குறைந்தது. மறு ஆண்டு வந்த அருஷா பிரகடனம், தலைவர்கள் இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது, வீடு வாடகைக்கு விடக் கூடாது, கம்பெனிப் பங்கு வைத்திருக்கக் கூடாது என்று விதித்தது. அதற்கு விதை அந்த ஊர்வல நாளில் விழுந்தது என்றே நினைக்கிறேன்.

அருஷாவுக்கு அடுத்த மாதமே, 1967 மார்ச்சில், கல்வி பற்றிய அறிக்கையைத் தாமே எழுதினார். ஒரு ஜனாதிபதி எழுதிய ஆவணத்தில் பள்ளிக்கூடத்து உள்விவகாரம் இவ்வளவு நுணுக்கமாக வந்தது அபூர்வம். தொடக்கப் பள்ளி முடிப்பவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்குத்தான் உயர்நிலைப் பள்ளியில் இடம். மீதி 87 பேருக்கு அந்தப் பள்ளி என்ன தந்தது என்று கேட்கிறார். அவர் சொன்ன மாற்று: தொடக்கப் பள்ளி தன்னளவில் முழுமையான படிப்பாக இருக்க வேண்டும், ஐந்து, ஆறு வயதில் சேர்த்தால் படிப்பு முடிகிறபோது பையன் வேலைக்கும் ஆகாத வயதில் நிற்பான், ஆகவே ஏழு வயதில் சேருங்கள், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பண்ணை வேண்டும், என்ன பயிரிடுவது, வரும் பணத்தை எதில் செலவழிப்பது என்பதை மாணவர்களே முடிவு செய்ய வேண்டும்.

நடைமுறையில் கெட்டது அந்தக் கடைசிப் பகுதிதான். பண்ணை வந்தது, முடிவெடுக்கும் உரிமை மாணவருக்கு வரவில்லை. பல பள்ளிகளில் தலைமையாசிரியர் சொன்னபடி மண்வெட்டி பிடித்தார்கள். வேளாண்மையைப் பாடத்தோடு இணைக்க ஆசிரியருக்குப் பயிற்சி இல்லாததால் பண்ணை ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்றே ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழாம் வகுப்பு முடிவில் உயர்நிலைப் பள்ளிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அப்படியே இருந்தது. தேர்வு இருக்கிற வரை பெற்றோரும் ஆசிரியரும் தேர்வுக்குத்தான் தயார் செய்வார்கள். வகுப்பறையில் நின்ற எவருக்கும் இது தெரியும். 1974இல் முசோமாவில் கூடிய கட்சிக் குழு, மதிப்பெண்ணில் வேலைத்திறனையும் சேர்க்கச் சொன்னது, தாமதமாக.

இனி, தேறிய பக்கம். 1970ஐ முதியோர் கல்வி ஆண்டு என்று அறிவித்தார். முதலில் மாஃபியா, உக்கெரெவே தீவுகள் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் 1975க்குள் எழுத்தறிவு என்று இலக்கு வைத்தார்கள். பாடப் புத்தகம் அ, ஆவில் ஆரம்பிக்கவில்லை. பருத்தி விளையும் ஊரில் பருத்திச் சாகுபடிப் புத்தகம், ஏரிக்கரையில் மீன்பிடிப் புத்தகம், அப்படியே வாழைக்கு ஒன்று, மாடு வளர்ப்புக்கு ஒன்று. யுனெஸ்கோ உதவியோடு முவான்சா பக்கம் சோதித்துப் பார்த்த முறை அது. சொல்லிக்கொடுத்தவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், கட்சி ஊழியர்கள், படிப்பை முடித்த இளைஞர்கள். அவர்களுக்குச் சொற்ப மதிப்பூதியம். 1975 ஆகஸ்டில் நாடு தழுவிய தேர்வு நடத்தி நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். எழுத்தைச் சேர்த்து வாசிக்கத் தெரிந்தவரை அவர்கள் எழுத்தறிவு பெற்றவராகக் கணக்கில் எடுக்கவில்லை. மூன்றாம் நிலையையாவது எட்ட வேண்டும். கற்றது மறந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்காகக் கிராம நூலகம் வைத்தார்கள், 'கல்விக்கு முடிவில்லை' என்ற பெயரில் புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கென்றே ஒரு செய்தித்தாளும் போட்டார்கள்.

இவற்றுள் நான் மிகவும் மதிப்பது 1973இல் நடந்த 'ம்து நி அஃப்யா' இயக்கம். 'மனிதன் என்றால் ஆரோக்கியம்' என்று அர்த்தம். பன்னிரண்டு வாரம் நடந்தது. மேலிருந்து கீழாகப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, சுமார் 75,000 குழுத் தலைவர்களைத் தயார் செய்தார்கள். டாக்டரோ நர்ஸோ தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஊர்க்காரர் போதும். ஒரு மரத்தடியில் சிறு குழு உட்காரும். வானொலியில் சுமார் இருபது நிமிட நிகழ்ச்சி ஓடும். முடிந்ததும் குழுத் தலைவர் சிறு புத்தகத்தில் அதே பாடத்தை உரக்க வாசிப்பார். மலேரியா, கொக்கிப்புழு, சீதபேதி, நத்தைக் காய்ச்சல், காசநோய் என ஒவ்வொன்றாக வரும். பிறகு விவாதம்: நம்மூரில் இது யாருக்கு வந்தது, எதனால் வந்தது? கடைசியில் அடுத்த கூட்டத்துக்குள் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். வீட்டைச் சுற்றிப் புல் வெட்டுவது, தேங்கிய தண்ணீரை வடிப்பது, குடிதண்ணீரைக் கொதிக்கவைப்பது, கழிப்பறைக்குக் குழி தோண்டுவது. அடுத்த முறை கூடும்போது செய்தாயிற்றா என்று பார்ப்பார்கள்.

சுமார் 20 லட்சம் பேர் பங்கெடுத்தார்கள். லட்சக்கணக்கில் கழிப்பறைகள் எழுந்தன. வானொலிப் பெட்டி இல்லாத குழுவும், பெட்டி இருந்து பேட்டரி தீர்ந்துபோன குழுவும் உண்டு. அப்போதும் புத்தகம் கையில் இருந்ததால் பாடம் நிற்கவில்லை. ஒரே செய்தியைக் காதுக்கு ஒருமுறை, கண்ணுக்கு ஒருமுறை, கைக்கு ஒருமுறை கொடுத்திருக்கிறார்கள். நல்ல ஆசிரியர் தயாரித்த பாடக் குறிப்பு மாதிரியே இருக்கிறது.

அதே 1973 நவம்பரில்தான் மற்றொரு உத்தரவும் வந்தது: 1976 முடிவதற்குள் சிதறிக் கிடக்கும் குடியானவர்கள் எல்லோரும் கிராமங்களில் குடியேறியாக வேண்டும். 'உஜாமா', அதாவது ஒரே குடும்பமாகக் கூடி வாழ்வது, ஆரம்பத்தில் விருப்பப்பட்டுச் செய்ய வேண்டியதாகத்தான் இருந்தது. கட்டாயப்படுத்திச் சோஷலிசம் வராது என்று அவரே எழுதியிருக்கிறார். ருவூமாப் பகுதியில் குடியானவர்கள் தாமாகவே அமைத்த சங்கம் ஒன்று நன்றாக நடந்தது. கட்சி 1969இல் அதைக் கலைத்துவிட்டது. நல்ல மாணவன் தானாகப் போட்ட கணக்கை அடித்துவிட்டு, கரும்பலகையில் இருப்பதை எழுது என்று சொன்னது போன்ற காரியம் அது. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

குடியேற்றத்தில் எது கெட்டது என்பது சிக்கலான விஷயம் இல்லை. அதிகாரிகளுக்கு இலக்கு எண்ணிக்கையும் கெடுவும் இருந்தன, ஆகவே லாரி போய்வர வசதியாகச் சாலையோரத்தில் இடம் பார்த்தார்கள். மண்ணையும் தண்ணீரையும் பார்க்கவில்லை. சில இடங்களில் விதைப்புக் காலத்திலேயே ஆட்களை நகர்த்தினார்கள். திரும்பிப் போய்விடக் கூடாது என்று பழைய வீட்டைக் கொளுத்திய இடங்களும் உண்டு. வீட்டுக்கும் வயலுக்கும் தூரம் கூடியது. காட்டு விலங்கு, பறவைக் காவலுக்கு ஆள் இல்லாமல் போனது. மாட்டுச் சாணம் வயலுக்கு எட்டவில்லை. சுற்றியிருந்த விறகும் மேய்ச்சலும் சீக்கிரம் தீர்ந்தன. 1973, 74இல் வறட்சியும் சேர்ந்துகொண்டு உணவு தானியம் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. கிளிமஞ்சாரோ, புகோபா போன்ற காப்பி, வாழைப் பகுதிகளில் ஏற்கெனவே நெருக்கமாக வாழ்ந்ததால் பெரும்பாலும் தப்பித்தார்கள். நன்மையும் ஒன்று உண்டு: சுமார் 8,000 கிராமங்களாக மக்கள் கூடியதால் பள்ளிக்கூடமும் மருந்தகமும் நடந்துபோகும் தூரத்துக்கு வந்தன. ஆனால் இந்த நன்மையை முன்னிறுத்தி அந்தத் தீ வைப்பை மறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

விசாரணையின்றி ஆளைச் சிறையில் வைக்கும் சட்டம் 1962இலேயே வந்தது. தொழிற்சங்கத் தலைவர்களும் அதில் சிக்கினார்கள். 1965 முதல் ஒரே கட்சி. கேள்வி கேட்கச் சொல்லித்தரும் ஆசிரியர், வகுப்பில் தம்மை எதிர்த்துக் கை தூக்கியவரை வெளியே நிறுத்திய கதை இது. இதையும் சேர்த்துத்தான் அவரை எழுத வேண்டும்.

பள்ளிப் பக்கம் திரும்புவோம். 1973இல் தொடக்கப் பள்ளிக் கட்டணம் போனது. எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளி என்ற இலக்கை 1989க்கு வைத்திருந்தார்கள். முசோமாக் கூட்டம் அதை 1977க்கு இழுத்தது. 1967இல் சுமார் 8 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 1980களின் தொடக்கத்தில் 35 லட்சத்தை எட்டியது. இத்தனை பேருக்கு ஆசிரியர் எங்கே? பயிற்சிக் கல்லூரி கட்டிக் காத்திருக்க நேரம் இல்லை. ஏழாம் வகுப்பு முடித்த இளைஞர்களை எடுத்து, கிராமப் பள்ளியிலேயே வேலையில் வைத்து, அஞ்சல் பாடம், வானொலி, அருகில் இருந்து மேற்பார்க்கும் ஆசிரியர், இடையில் சில வாரம் நேரடிப் பயிற்சி என்று மூன்று ஆண்டில் தேர்ச்சி கொடுத்தார்கள். இப்படிச் சுமார் 35,000 பேர் ஆசிரியரானார்கள். தரம் இறங்கியது உண்மை. ஏழாம் வகுப்பு படித்தவர் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தால் பாடத்தைத் தாண்டி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் இல்லையென்றால் அந்தக் குழந்தைகளுக்கு முன்னால் யாரும் நின்றிருக்க மாட்டார்கள்.

மொழி விஷயத்தில் பாதி வழியில் நின்றுவிட்டார். தொடக்கப் பள்ளி முழுவதும் சுவாகிலி. எட்டாம் ஆண்டில் நுழைந்ததும் எல்லாப் பாடமும் ஆங்கிலம். 1982இல் அவரே அமைத்த குழு படிப்படியாகச் சுவாகிலிக்கு மாற்றச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. ஷேக்ஸ்பியரைச் சுமக்கும் அளவு சுவாகிலிக்கு வலு உண்டு என்று எழுதிக் காட்டியவரின் ஆட்சியில் பௌதிகப் பாடத்தை அதே மொழியில் நடத்த அனுமதி இல்லை. முதல் ஆறு மாதம் பாடம் புரியாமல் மனப்பாடம் செய்கிற பிள்ளைகளை நம்மூரிலும் பார்க்கிறோம். அது என்ன இழப்பு என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

1985இல் தாமாகவே பதவி விலகினார். எண்ணெய் விலை ஏற்றம், 1978, 79இல் உகாண்டாவின் இடி அமீனோடு நடந்த போர்ச் செலவு, ஓடாத அரசு ஆலைகள், விளைபொருளுக்குக் கட்டாத விலை என்று நாடு கடனில் இருந்தது. 1995இல் இந்தியா காந்தி அமைதிப் பரிசை ஏற்படுத்தியபோது முதலில் கொடுத்தது அவருக்கு. 1999 அக்டோபர் 14இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். உடல் புட்டியாமாவுக்கே போனது.

அவர் பதவியை விட்டிறங்கிய காலத்திலேயே தொடக்கப் பள்ளிக் கட்டணம் திரும்ப வந்துவிட்டது. சேரும் பிள்ளைகளின் விகிதம் 1990களில் நன்றாகச் சரிந்தது. 2001இல் மறுபடி கட்டணத்தை எடுத்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளோடு பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாசலில் வந்து நின்றார்கள். கம்பராகே முதன்முதலில் பள்ளிக்குப் போன வயதும் பன்னிரண்டுதான்.